யுவராஜா ஓய்வில் இருக்கிறார்

பெருவளக்கோட்டை சமஸ்தானத்தில் ராஜ வம்சத்தைச் சேர்ந்த எவரும் அரண்மனைக்கு வெளியே இறப்பதில்லை. சமஸ்தானத்தின் மரபு நூலில் முதல் பக்கத்திலேயே இப்படி இருக்கிறது. முன்னொரு காலத்தில் வேட்டைக்குப் போன ராஜா ஒருவர் காட்டிலேயே மாண்டுவிட்டாராம். அவரைப் பல்லக்கில் நிமிர்த்தி உட்காரவைத்து, வழியெல்லாம் குடிகளிடம் கும்பிடு வாங்கிக்கொண்டே அரண்மனைக்குக் கொண்டுவந்து சேர்த்து, அதன் பிறகுதான் இறக்க அனுமதித்தார்கள் என்று இரண்டாம் பக்கம் சொல்கிறது.

யுவராஜா ரெங்கராஜ் இந்த ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் திருவானைக்காவலில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இறந்துபோனார். பாதி காபியைக் குடித்திருந்தார், மீதி கையில் இருந்தது. வயது ஐம்பத்தெட்டு. அவர் மரபு நூலைப் புரட்டிப் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது.

சமஸ்தானம் என்றதும் யானை, குதிரை என்று நினைத்துவிட வேண்டாம். முசிறிக்கு அந்தப் பக்கம் பதினாலு கிராமம், வெள்ளைக்காரன் காலத்தில் அது ஒரு ஜமீன். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த மறுநாள் அது தன்னைத்தானே சமஸ்தானமாக உயர்த்திக்கொண்டது. இல்லாத ஒன்றுக்கு என்ன பெயர் வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? இப்போது அதன் தலைமையகம் மன்னார்புரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. திவான், சேனாதிபதி, ராஜ வைத்தியர், ஆஸ்தான ஜோதிடர் என்று பதினோரு பதவிகள், பதினோரு பேர். ராஜாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. கருமண்டபத்தில் உறவுக்காரர் வீட்டில் படுக்கையில் கிடக்கிறார், யாரையும் அடையாளம் தெரிவதில்லை. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, விஜயதசமி அன்று, ஊர்க் கோயிலில் வாரிசான ரெங்கராஜுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். பின்னால் பதினோரு பேரும் வரிசையாக நின்று சந்தனம் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்காக வருஷம் முழுவதும் கூட்டம் போடுவார்கள். வாரிசு இல்லையென்றால் பரிவட்டம் கிடையாது, பரிவட்டம் இல்லையென்றால் சந்தனம் கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

மற்ற நாட்களில் யுவராஜா இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றில் உதிரிபாகப் பிரிவில் பில் போட்டார். அவருக்குச் சம அந்தஸ்துள்ள பெண் பார்ப்பதற்காக, அவருக்கு இருபத்தேழு வயதானபோது ஒரு விவாகக் குழு அமைத்தார்கள். முப்பத்தோரு வருஷமாக அந்தக் குழு விடாமல் கூடி வந்தது. அவர் இருந்தபோது கூடிய கடைசிக் கூட்டம் போன ஆடி மாதம் நடந்தது.

வாடகை வீடு வேணியுடையது. வேணி துணி வெளுக்கும் குடும்பத்துப் பெண். அதே தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறாள். அப்பா காலத்தில் கரிப்பெட்டி, இப்போது கேஸ் பெட்டி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்பு ரெங்கராஜ், பரிவட்டத்தன்று உடுத்தும் ஒரு பழைய ஜரிகைப் பட்டு வஸ்திரத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். வைத்துவிட்டுப் போங்க, சாயங்காலம் தரேன் என்று அவள் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கி, ராஜ வஸ்திரம் ராஜ வம்சத்தாரின் கண்ணை விட்டு மறையக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாகவும், தான் இங்கேயே நின்றுகொள்வதாகவும் சொன்னார். ஒன்றரை மணி நேரம் நின்றார். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். அடுத்த வாரம் விதி எதுவும் இல்லாத ஒரு சாதாரணச் சட்டையை எடுத்து வந்து, அதற்கும் நின்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. சமஸ்தானத்து விதிகளால் இந்த உலகத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமஸ்தானத்துக்கு இது தெரியாமல் இல்லை. அந்தப் பட்டு, வேணி வீட்டு பீரோவில் இருந்ததால் சமஸ்தானக் குறிப்பேட்டில் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. யுவராஜா அவ்வப்போது தங்குமிடம் என்பதை 'மேற்படி இடம்' என்றும், அங்கே இருப்பவளை 'மேற்படியாள்' என்றும் எழுதினார்கள். பத்தொன்பது வருஷத்தில் வேறு பெயர் அவளுக்கு அங்கே ஏற்படவில்லை. தாலி கட்டிக்கொள்ளலாமா என்று ரெங்கராஜ் ஒருமுறை கேட்டார். விவாகக் குழு கூடியிருக்கும்போது அது குழுவை அவமதித்ததாகும் என்று பதில் வந்தது. அவர் அதற்கு மேல் வாதாடத் தெரியாத மனிதர். நல்லவர், ஆனால் அவ்வளவுதான்.

தெருக்கோடி கிளினிக்கிலிருந்து டாக்டர் அஃப்ஷீன் வந்து பார்த்தார். இதயம் நின்றுவிட்டது என்று சொல்லி, சான்றிதழ் எழுதி வேணியின் கையில் கொடுத்தார். வேணி அதை வாங்கி நாலாக மடித்து, மடிப்பை விரலால் தேய்த்துத் தேய்த்து நேராக்கிக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. உடம்புக்குள் எங்கோ ஒரு கதவை யாரோ சாத்திவிட்ட மாதிரி இருந்தது. தனக்கு ஏதாவது ஆனால் ஆபீசுக்குச் சொல்லிவிடு என்று ரெங்கராஜ் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னதைச் செய்து பழகிய பெண். போன் செய்தாள்.

திவான் சௌரிராஜன் முக்கால் மணி நேரத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைப்பது அதுவே முதல் தடவை. எங்கே உட்காருவது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உட்காராமலேயே பேசினார்.

"அழப்படாதும்மா," என்றார், அழாமல் நின்றிருந்தவளிடம். "நீ அழுதா தெரு கேக்கும். தெரு கேட்டா யுவராஜா இறந்துட்டார்னு ஆயிடும். விதிப்படி அவர் இன்னும் இறக்கலை."

"டாக்டரம்மா பாத்துட்டாங்களே சார்."

"டாக்டர் உடம்பைப் பாத்தா. நாங்க சம்பிரதாயத்தைப் பாக்கணும்."

அரண்மனைக்குக் கொண்டுபோய், அங்கே முறைப்படி இறக்கச் செய்து, அங்கிருந்தே ராஜ மயானத்துக்கு எடுத்துப் போவார்கள் என்று விளக்கினார். வேணி ஒன்றுதான் கேட்டாள். தான் கூட வரலாமா? திவான் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அரண்மனையின் இரண்டாம் வாசலைக் குறிப்பிட்ட குலங்களைத் தவிர மற்றவர்கள் தாண்டக் கூடாது. மரபு நூல், பதினேழாம் பக்கம்.

அந்த இரண்டாம் வாசலை வேணி தாண்டியிருக்கிறாள். அரண்மனை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே விற்கப்பட்டு, இப்போது கல்யாண மண்டபம். எதிர்வீட்டு மலர்க்கொடியின் மகள் கல்யாணம் அங்கேதான் நடந்தது. இரண்டாம் வாசல் என்பது சாப்பாட்டுக் கூடத்து வாசல், பக்கத்திலேயே கை கழுவும் தொட்டி. அதில் நுழைந்து, இலை போட்டு, இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். அதைச் சொன்னாள்.

"அது மண்டபமா இருக்கறச்சே," என்றார் திவான். "ராஜ காரியம் நடக்கறச்சே அது அரண்மனை."

ஆக, ரெங்கராஜை அவர்கள் தூக்கிப் போய்விட்டால், வேணிக்கு அதோடு அவர் முகம் கிடையாது. தலைமாட்டில் உட்கார முடியாது, கடைசியாக ஒரு வாய் அரிசி போட முடியாது. அதை அவள் புரிந்துகொண்டாள்.

ராஜ வம்சத்தில் பிறப்பு, பட்டாபிஷேகம், இறப்பு ஆகிய மூன்றுக்கும் ஒரு நாள் இடம் விட வேண்டும் என்று விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. திவான் மண்டபத்து உரிமையாளர் அமிர்தசாமிக்குப் போன் போட்டு, அதற்குள் வந்து சேர்ந்திருந்த மற்ற பதவிக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். அமிர்தசாமி மரியாதையான மனிதர்.

"பத்திரத்துல இருக்கு, நான் மறுக்கலீங்க ஐயா. ஆனா ஆவணி முகூர்த்தமுங்க, மூணு நாளும் புக்கிங். ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் பின்னாடி காய்கறி நறுக்குற ரூம் சும்மா இருக்கும். அந்த நேரத்துல இறந்துக்கலாங்க. சத்தம் மட்டும் வேண்டாம், பொண்ணு வீட்டுக்காரங்க மனசு சங்கடப்படும்."

காய்கறி நறுக்கும் அறை பழைய ராஜ சயன அறைதான் என்று ஆஸ்தான ஜோதிடர் வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்தார். யுவராஜாவின் மரணம் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதுவரை யுவராஜா உயிரோடு இருப்பார், மேற்படி இடத்தில், மேற்படியாளின் பராமரிப்பில்.

உயிரோடு இருப்பவருக்குச் செய்ய வேண்டியவை நிறைய இருந்தன. குளிர்பெட்டி ஒன்று வந்தது. பார்த்தால் தெருவுக்குப் புரிந்துவிடும் என்பதால், அதைப் பெரிய ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியால் மூடி இறக்கினார்கள். மலர்க்கொடி வாசலில் நின்று, புது ஃப்ரிட்ஜா வேணி என்று கேட்டாள். வேணி திவானைப் பார்த்தாள். திவான் ஆமாம் என்று தலையசைத்தார். வேணியும் தலையசைத்தாள்.

முதல் அறிக்கை பதினோரு மணிக்கு வெளியானது. 'யுவராஜா அவர்கள் சிறிது சுகவீனம் காரணமாகக் குளிரூட்டப்பட்ட சூழலில் பூரண ஓய்வில் இருக்கிறார். வலி ஏதும் இல்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டுள்ளார்.' இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதில் திவானுக்குப் பெருமை. அரசு வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவரல்லவா?

நோயாளிக்கு மூன்று வேளை கஞ்சி வைக்க வேண்டும் என்றார்கள். வேணி நொய்க்கஞ்சி காய்ச்சிப் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள். கஞ்சி வீணாகக் கூடாது என்று சேனாதிபதி லக்ஷ்மிகாந்த் எடுத்துக் குடித்தார். மன்னார்புரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், வெயிலில் அலைகிற உடம்பு. குறிப்பேட்டில் 'கஞ்சி அருந்தப்பட்டது' என்று எழுதப்பட்டது. துவையல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று லக்ஷ்மிகாந்த் சொன்னார். வேணி துவையல் அரைத்தாள்.

அறிக்கையைப் பார்த்துவிட்டு முசிறிப் பக்கத்திலிருந்து சிலர் வாழைத்தாரும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நிலைப்படியில் நின்றபடியே கும்பிட வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகத்தைப் பார்த்து ஒருவர், முன்னைக்கு இப்போ நல்லா நெறமா இருக்காரு என்று சொன்னார். அது இரண்டாம் அறிக்கையில் சேர்ந்தது.

சனிக்கிழமை காலை விவாகக் குழு கூடியது. முப்பத்தோரு வருஷமாக யாரும் வராத இடத்துக்கு, உடல்நிலை விசாரிக்கிற சாக்கில் ஒரு ஜாதகம் வந்துவிட்டது. நாற்பது வயதுப் பெண், பழைய பாளையக்காரர் குடும்பம். முன்னறையில் யுவராஜா ஓய்வில் இருந்ததால் குழு சமையலறையில் உட்கார்ந்தது. ஆஸ்தான ஜோதிடர் இரண்டு கட்டங்களையும் தரையில் விரித்து வெகு நேரம் பார்த்தார். பத்தில் எட்டுப் பொருத்தம் என்றார். யுவராஜாவுக்கு ஆயுள் ஸ்தானம் கெட்டி, எண்பத்திரண்டுக்குக் குறையாது என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் விளையாட்டாகச் சொல்லவில்லை. வேணி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல் என்று சொன்னார்கள், அதை மறக்காமல் தனியாகக் கலந்தாள். இரண்டு நாளாக அவள் கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. மற்றவை எல்லாம் எங்கேயோ போயிருந்தன.

அன்று சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். திவான் மட்டும் இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவளிடம் ஏதாவது ஆறுதலாகப் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவருக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம் சரித்திரத்தில்தான் இருந்தது.

"நீ ஒண்ணும் விசனப்படாதே. பெரிய பெரிய ராஜ்யத்துல எல்லாம் இருந்திருக்கு. ருஷ்யாவுல ஒரு பட்டத்து இளவரசன். அவன் ஒரு கீழ்க்குலத்துப் பொண்ணோட இருந்தான். தையல்காரியோ, நாட்டியக்காரியோ. அரண்மனை என்ன பண்ணித்து? ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா உள்ளே விடலை. அவன் பட்டத்துக்கு வரச்சே அவளை மரியாதையா வேற ஊருக்கு அனுப்பிட்டா. அதுதான் ராஜநீதி. பெரிய ராஜ்யம்னா அப்படி இருக்கணும்."

"அந்த ராஜ்யம் இப்ப இருக்குங்களா சார்?"

"இல்லை. எல்லாரையும் சுட்டுப்பிட்டா. ஆனா சம்பிரதாயத்தைக் கடைசி வரைக்கும் விடலையே."

வேணி காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பிறகு, "அந்தப் பொண்ணு பேரு என்னங்க சார்?" என்று கேட்டாள்.

திவான் யோசித்தார். தான் படித்ததில் பெயர் போடவில்லை என்றார்.

போகும்போது அவர் ஒரு சலுகையையும் அறிவித்தார். அது சேனாதிபதியின் யோசனை. இரண்டாம் வாசலை மேற்படியாள் தாண்ட முடியாது, ஆனால் பாத்திரம் கழுவுகிறவர்கள் பின்பக்கமாக வந்து போகிறார்கள், அவர்களைப் பற்றி மரபு நூல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் சமையல் ஒப்பந்தக்காரரிடம் சொல்லி ஓர் அடையாள அட்டை வாங்கியிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு, ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், தூரத்திலிருந்து பார்க்கலாம். அழக் கூடாது, அவ்வளவுதான். வேணி அட்டையை வாங்கிக்கொண்டாள். சிவப்பு நாடாவில் கோத்திருந்தது. 'உதவியாள் - 14' என்று அச்சிட்டிருந்தது.

அதை அவள் ரெங்கராஜுக்குக் காட்டினாள். பெட்டியின் கண்ணாடி மேல் வைத்து, இங்க பாருங்க, எனக்கு வேலை குடுத்திருக்காங்க என்று சொன்னாள். வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். வாய்விட்டுச் சிரிக்க மாட்டார், தோள் மட்டும் குலுங்கும். அட்டை கண்ணாடி மேல் கிடந்தது. கண்ணாடியில் பனி பூத்திருந்ததால் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் காபி கொடுத்த மனிதரைத் தூரத்திலிருந்து, கையில் குண்டானோடு பார்க்க வேண்டுமா என்று அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. வந்த கோபம் சத்தமாக வரவில்லை. விடியட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பதினோரு பேரும் அரண்மனைக்குப் போனார்கள். இரண்டு மணிக்கு நடக்க வேண்டிய மரணத்துக்கு ஒத்திகை பார்ப்பதற்காக. யார் எங்கே நிற்பது, யார் முதலில் கண்ணைத் துடைப்பது, வெங்காய மூட்டைகளை எந்தப் பக்கம் நகர்த்துவது எல்லாம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நின்ற பதினோரு பேரையும் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர்கள் என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டு, முகூர்த்தச் சாப்பாட்டுக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். மறுத்தால் அரண்மனைக்கு மரியாதை இல்லை. இரண்டாம் வாசல் வழியாகத்தான் போனார்கள்.

அந்த நேரத்தில் வேணி தன் வாசலைத் திறந்து வைத்து நடுவில் நின்றாள். அழ வேண்டும் என்று நினைத்தாள். தெரு கேட்கும்படி அழுதால் போதும், மற்றதைத் தெரு பார்த்துக்கொள்ளும். ஆனால் அழுகை வரவில்லை. மூன்று நாள் அடக்கியதோ என்னவோ, வழி மறந்துவிட்டது. எதிர்வீட்டில் மலர்க்கொடி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வேணி அவளிடம் போய், பால் வாங்கப் போகிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவரு போயிட்டாருக்கா. வெள்ளிக்கிழமையே போயிட்டாரு. அது ஃப்ரிட்ஜ் இல்ல."

மலர்க்கொடி கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. வேணிக்குச் சேர வேண்டிய அழுகை அத்தனையையும் அவள்தான் அழுதாள். அரை மணி நேரத்தில் பந்தல் கால் நட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் வந்தார்கள். தப்பு அடிக்கிறவர்கள் வந்தார்கள். அந்தத் தெருவுக்கு அவர் யுவராஜா இல்லை, செயின் தளர்ந்தால் ஞாயிற்றுக்கிழமையில் வந்து சரிசெய்து கொடுக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணன்.

வேணி அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். காலரை இரண்டு தரம் தேய்த்தாள். போட்டுவிடும்போது பீரோவில் இருந்த ஜரிகைப் பட்டு நினைவுக்கு வந்தது. அவளுக்கு விதிகளை மீறும் எண்ணம் எதுவும் இருக்கவில்லை. ராஜ வஸ்திரம் ராஜ கண்ணை விட்டு மறையக் கூடாது என்று பத்தொன்பது வருஷம் கேட்டவள். அதை நன்றாக மடித்து அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

மயானத்தில் சான்றிதழைக் கேட்டார்கள். டாக்டர் அஃப்ஷீன் கொடுத்த தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. கற்பூரம் ஏற்றுவது யார் என்று அங்கிருந்தவர் கேட்டார். மலர்க்கொடிதான், வேற யாரு இருக்கா, இவதான் என்றாள். வேணி ஏற்றினாள். எரிப்பது கேஸ் அடுப்பில்தான் என்றார்கள். அதைக் கேட்டதும், சூடு சரியாக வைக்கச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டாள். தொழில் பழக்கம்.

பன்னிரண்டரை மணிக்குத் திவானும் சேனாதிபதியும் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார்கள். ஆம்புலன்ஸின் நெற்றியில் மாவிலை கட்டியிருந்தது. வீடு கழுவி ஈரமாக இருந்தது. முன்னறையில் ஒரு விளக்கு எரிந்தது.

"யுவராஜா எங்கே?" என்றார் திவான்.

"எரிச்சாச்சுங்க சார்."

"அது முடியாதே," என்றார் திவான். உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை. "பட்டு?"

"கூடவே அனுப்பிட்டேங்க. கண்ணை விட்டு மறையக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

மற்ற ஒன்பது பேருக்கும் போன் போட்டு, ஆம்புலன்ஸுக்குள்ளேயே அவசரக் கூட்டம் நடந்தது. ராஜ வம்சத்தார் எவரும் அரண்மனைக்கு வெளியே இறப்பதில்லை. யுவராஜா ராஜ வம்சத்தார். எனவே யுவராஜா இறக்கவில்லை. தெருக்காரர்கள் எதையோ எரித்திருக்கலாம், அதைப் பற்றிச் சமஸ்தானம் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. வேறு மாதிரி முடிவெடுத்தால் பரிவட்டம் என்ன ஆகும் என்று கேட்டவர் சேனாதிபதி. அதற்குப் பிறகு விவாதமே இருக்கவில்லை. ஏழாம் அறிக்கை ஒன்றரை மணிக்கு வெளியானது. 'யுவராஜா அவர்கள் மேற்படி இடத்தில் தொடர்ந்து ஓய்வில் இருக்கிறார். பார்வையாளர்கள் தவிர்க்கப்படுகிறார்கள்.'

விஜயதசமி வந்தது. யுவராஜா ஓய்வில் இருந்ததால் அவருக்குப் பதிலாக மரபு நூலுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நூல் சிறியது, துணி பெரியது, மூன்று சுற்றுச் சுற்றி ஊசி குத்தினார்கள். பதினோரு பேரும் பின்னால் நின்று சந்தனம் வாங்கிக்கொண்டார்கள். பார்த்தவர்கள் யாரும் வித்தியாசமாக எதையும் உணரவில்லை என்று கேள்வி.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி திவான் குறிப்பேட்டோடு இஸ்திரி வண்டிக்கு வந்தார். யுவராஜாவின் உடல்நிலையை விசாரித்து எழுத வேண்டும் என்று தீர்மானம். முதல் தடவை, யுவராஜா எப்படி இருக்கார் என்று அவர் கேட்டபோது, வேணிக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவர் மேல் வைத்துவிடலாமா என்று இருந்தது. நான்தான் சார் எரிச்சேன் என்றாள். அது உன் அபிப்பிராயம் என்று சொல்லி, 'மாற்றமில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டாவது தடவை அவள் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தாள், அவர் அதையே எழுதிக்கொண்டு போனார்.

மூன்றாவது மாதம் முதல் தேதி காலையிலிருந்து அவள் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. ஷோரூமில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஆட்டோ ஸ்டாண்டில் ஒட்டிய படம் மழையில் கிழிந்துபோயிற்று. மனசு கஷ்டப்படும் என்று மலர்க்கொடி அவர் பேச்சையே எடுப்பதில்லை. அந்த ஊரில் ரெங்கராஜ் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு இந்த ஒரு மனிதரைத் தவிர வேறு யாரும் இல்லாமல் போய்விட்டது.

திவான் வந்தார். குடையை மடக்கி வண்டியில் சாய்த்து வைத்தார். குறிப்பேட்டைத் துணிகளின் மேல் விரித்து, தேதி போட்டு, 'தகவல் அளித்தவர்: மேற்படியாள்' என்று எழுதினார். வேணி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அது யாரு சார்?"

"நீதாம்மா."

"எம் பேரு வேணி. அதை எழுதுங்க."

"மரபுல அதுக்கு இடமில்லையேம்மா."

"அப்ப அவரு போயிட்டாருன்னு எழுதிக்குங்க. நானும் மயானத்து ரசீதை எடுத்துட்டு வந்து உங்க ஊர்க் கோயில்ல குடுத்துடறேன்."

அவள் குரல் ஏறவில்லை. சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரிதான் சொன்னாள். திவான் பேனாவைக் கையில் பிடித்தபடி வெகு நேரம் நின்றார். பதினோரு பேரும், கோயிலும், சந்தனக் கிண்ணமும் அவர் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். எழுதியதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மேலே 'வேணி' என்று எழுதினார். முப்பத்தைந்து வருஷ அலுவலகப் பழக்கம் அவரை அதோடு விடவில்லை.

"இனிஷியல்?"

வேணி கொஞ்சம் யோசித்தாள்.

"ரெ," என்றாள்.

திவான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, பெயருக்கு முன்னால் இருந்த சின்ன இடத்தில் அதைப் போட்டு, புள்ளியும் வைத்தார்.

"சரி. யுவராஜா எப்படி இருக்கார்?"

வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. மூன்று மாதத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வந்திருக்க வேண்டிய அழுகையை, பட்டப்பகலில், நடுத்தெருவில், யாருடைய சட்டையையோ பிடித்துக்கொண்டு அழுதாள். திவான் குறிப்பேட்டை மூடினார். குடையை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அழாதேம்மா," என்றார். "அவர்தான் நன்னா இருக்காரே."

"ஆமாங்க சார்," என்றாள் வேணி.